இருபத்தெட்டு நாள் இடைவெளி

ஜனவரி 11, ஞாயிறு

இன்று காலை மருமகள், "மாமா, டீ நான் போடவா, நீங்க போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். நான்கு நாட்களில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம். போட்டுவிட்டேன் என்றேன். குடித்துவிட்டு, "சர்க்கரை தூக்கல்" என்று சிரித்தாள்.

ஆக, புதனன்று தொடங்கியது சனியோடு முடிந்தது. காரணம்தான் தெரியவில்லை. என் பிழைப் பட்டியலில் அந்த நான்கு நாட்களுக்கு எதிரே உள்ளவை: குளியலறை விளக்கை அணைக்கவில்லை. செருப்பை வழியில் விட்டேன். அவள் தூங்கும்போது அலமாரியைத் திறந்தேன், அது கிரீச்சிட்டது. மூன்றுமே சின்னவை. ஆனால் சின்னது பெரியது என்று முடிவு செய்வது நானா?

அந்தப் பட்டியலை நவம்பரில் தொடங்கினேன். அக்டோபரில் அவள் மாநகரப் பேருந்தில் ஓட்டுநராகச் சேர்ந்தாள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். நவம்பரில் ஒரு புதன்கிழமை வேலை முடிந்து வந்தவள், நான் செய்தித்தாள் மடிக்கும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலகலவென்று இருக்கும் பெண். நான் ஏதோ செய்துவிட்டேன் என்று தோன்றியது. என் வயதில் செய்வதும் தெரியாது, செய்ததும் தெரியாது. எனவே தனி நோட்டு ஒன்றில் மூன்று பத்திகள் போட்டேன்: தேதி, என் பிழை, அவள் முகம். முகத்துக்கு 0 முதல் 3 வரை. 0 என்றால் சாதாரணம். 3 என்றால் கதவு.

மகனிடம் இதைச் சொல்லவில்லை. லிப்ட் பழுது பார்க்கிறவன் அவன், பாதி நாள் ஏதாவது ஒரு கட்டடத்தின் குழிக்குள் இருப்பான். சொன்னால் சிரிப்பான்.

ஜனவரி 12, திங்கள்

பிழை இல்லை. முகம் 0. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே படுகிறது.

ஜனவரி 23, வெள்ளி

அக்கா தொலைபேசினாள். முதல் கேள்வி என் முழங்கால். இரண்டாவது, "அங்க விசேஷம் ஏதும் உண்டா?"

"இல்லக்கா."

"கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு. நீ வாயைத் தொறந்து கேக்கணும்டா. பயந்தாங்கொள்ளி மாதிரி மூலையில உக்காந்திருந்தா ஆகுமா?"

மூலையில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று பேசி முடித்தேன்.

பிப்ரவரி 4, புதன்

மறுபடியும்.

காலைப் பணி முடிந்து மூன்று மணிக்கு வந்தாள். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். "மாமா, கொஞ்சம் மெதுவா. தலைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை, அழுகை இருந்தது. சரி என்று தட்டை வைத்தேன், அதுவும் டங்கென்றது. "உங்களுக்கு ஒரு தடவை சொன்னா புரியாதா?" என்று கத்தினாள். கத்திய வேகத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஈரத் துணி கேட்டாள். கொடுத்தேன். கண்மேல் போட்டுக்கொண்டு, "கண்ணு முன்னாடி ரம்பப் பல்லு மாதிரி வெளிச்சம் ஓடுது மாமா. மின்னி மின்னி. அது போனப்புறம்தான் வலி வரும்" என்றாள்.

எத்தனை நாளாக என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

என் பிழை: தட்டு. முகம்: 3.

பிப்ரவரி 5, வியாழன்

அறைக்கு வெளியே தண்ணீர் வைத்துவிட்டு நகர்ந்தேன். நகரும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டேன். 3.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன் போலிருக்கிறது. தவறாகவும் இருக்கலாம்.

நோட்டை முதலிலிருந்து படித்தேன். என் பிழைகள் எல்லா நாளும் இருக்கின்றன. ஜனவரி 19 அன்று அவளுடைய சீருடைச் சட்டையில் இஸ்திரிப்பெட்டித் தழும்பே விழச் செய்திருக்கிறேன். முகம் 0. "விடுங்க மாமா, உள்ள செருகிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள். நவம்பர் 14 அன்று நான் செய்தது இரண்டு தும்மல். முகம் 3.

பிழைப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்த்தேன். 3 தொடங்கும் நாட்கள்: நவம்பர் 12. டிசம்பர் 10. ஜனவரி 7. பிப்ரவரி 4. நான்கும் புதன். இடைவெளி இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு.

நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். நூலைக் கருப்புப் பலகையில் சுற்றி வைத்துக் குறை தேடுவது என் வேலை. பூதக்கண்ணாடி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நூலில் தடிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் பஞ்சைப் பார்க்க வேண்டும். அளந்து வைத்தாற்போல் ஒரே இடைவெளியில் வந்தால் உருளையைப் பார்க்க வேண்டும். எங்கோ ஓர் உருளை வட்டம் பிசகிச் சுற்றுகிறது. மேஸ்திரி அதற்குள் நூற்கும் பெண்ணைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருப்பார். அவளை விடுங்கள், முன் உருளையைக் கழற்றுங்கள் என்று எழுதிக் கொடுப்பேன். வாயால் சொன்னதில்லை. எழுதித்தான் கொடுப்பேன்.

பெண்களுக்கு மாதக் கணக்கு உண்டென்பது எனக்குத் தெரியாததல்ல. என் மனைவி இருந்தபோது சமையலறை நாள்காட்டியில் பென்சிலால் சிறு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளிகள் அலையும். இருபத்தாறு நாள், முப்பத்தொன்று, இருபத்தொன்பது. ஒரே கிழமையில் நின்றதே இல்லை. உடம்பு இவ்வளவு கறாராக இருக்காது. இது யாரோ தயாரித்த இடைவெளி.

(அந்தப் புள்ளிகளைக் கவனித்திருக்கிறேன், முப்பத்தாறு வருஷம். அன்று உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்டதாக நினைவில்லை.)

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எங்கள் வீட்டில் புதன் தவறாமல் கிடைக்கிறது.

பிப்ரவரி 21, சனி

மகன் எங்கோ ஒரு பதினோராவது மாடியிலிருந்து கூப்பிட்டு, மருந்துக் கடையில் அவள் பெயருக்கு ஒரு பொட்டலம் இருக்கிறது, வாங்கி வந்துவிடுங்கள் என்றான். போனேன்.

கடைக்காரர் கருப்பு உறையில் போட்டுக் கொடுத்தார். "மூணு அட்டை இருக்கு சார். திங்கள்ல ஆரம்பிச்சா திங்கள்லதான் அடுத்த அட்டைன்னு சொல்லுங்க. கடைசி ஏழு வேற கலர். அது வெறும் சர்க்கரை, ஆனா அதையும் விடாம போடணும்."

"நான் யார்கிட்ட சொல்லணும்?"

"வீட்ல பொண்ணுகிட்டதான் சார். பின்ன உங்களுக்கா?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பூங்கா பெஞ்சு வரை வந்த பிறகுதான் விளங்கியது. மூன்று வாரம் மருந்து, ஒரு வாரம் சர்க்கரை. இருபத்தெட்டு.

உறைக்குள் இருந்த தாளை எடுத்துப் படித்தேன். படித்தது தவறு. பட்டியலில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முதலில் என் அற்பத்தை எழுதிவிடுகிறேன். தாளில் என்ன மருந்து என்று படித்ததும் எனக்கு வந்தது கவலை அல்ல, வருத்தம். இரண்டு வருஷமாக நான் இரண்டு பெயர் யோசித்து வைத்திருக்கிறேன், ஒன்று பெண்ணுக்கு, ஒன்று ஆணுக்கு. அவர்கள் குழந்தை வேண்டாமென்று, இப்போது வேண்டாமென்று, தீர்மானித்திருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும்—

போகட்டும். இனி தாள்.

மனம் சோர்தல், எரிச்சல், மார்பு வலி, வீக்கம், இடையில் உதிரக் கசிவு, தலைவலி என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் சில மாதங்களில் குறையும் என்றும் இருக்கிறது. அதற்குக் கீழே கட்டம் கட்டி: கண்ணில் ஒளிக்கீற்று தோன்றித் தலைவலி வருகிறவர்கள் இந்த மாத்திரையை எடுக்கக் கூடாது, பக்கவாத ஆபத்து உண்டு, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரம்பப் பல்லு மாதிரி வெளிச்சம்.

அவள் ஓட்டுவது நாற்பது பேர் உட்காரும் வண்டி.

பிப்ரவரி 26, வியாழன்

மகனிடம் பேசினேன். அவன் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது. குனிந்திருக்கும் ஆளிடம் பேசுவது எனக்குச் சுலபம்.

"அப்பா, இதெல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா? புது வேலை, டென்ஷன். மூணு மாசத்துல பழகிடும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க."

"நாலு மாசம் ஆச்சேப்பா."

"நீங்க எப்படி எண்ணினீங்க?"

"அந்த வெளிச்சத்தைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னாளா?" என்று கேட்டேன்.

"எந்த வெளிச்சம்?" என்று நிமிர்ந்தான். அவனுக்குத் தெரியாது. பிறகு, "அவகிட்ட நான் கேக்கறேன், நீங்க விடுங்க" என்று கிளம்பிவிட்டான். மாலையில் கேட்டானாம். "ஒண்ணுமில்ல, வெயில்ல கண்ணு கூசுது" என்றாளாம். சரிப்பா, கேட்டுட்டேன் என்கிறான்.

மார்ச் 1, ஞாயிறு

புதனுக்கு முன் சொல்லியாக வேண்டும். அது தெளிவு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, உன்கிட்ட ஒரு விஷயம்." அதற்கு மேல் போகவில்லை. ஒரு மாமனார் வாயில் வரக்கூடிய சொல்லாக அடுத்த சொல் இல்லை.

மார்ச் 2, திங்கள்

நாளை சொல்வேன்.

மார்ச் 3, செவ்வாய்

மகனுடைய நண்பன் வந்திருந்தான். நாளை.

மார்ச் 4, புதன்

செய்யக் கூடாததைச் செய்யக் கூடாத நாளில் செய்தேன்.

வாயால் வராதென்று தெரிந்தது. பழைய புத்தி. உறையில் திருப்பி வைக்காமல் நான் வைத்திருந்த அந்தத் தாளில் கட்டத்துக்குள் இருந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு, அவள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன். மூன்று மணிக்கு வந்தாள். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு என் வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"இது எங்க கிடைச்சுது மாமா?"

சொன்னேன். பொட்டலத்தைத் திறந்ததையும் சொன்னேன்.

"எனக்குன்னு இந்த வீட்ல ஒரு பொட்டலம்கூடக் கிடையாதா?"

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். விளக்கினால் புரியும் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து நீட்டினேன். என்னைப் போன்ற மடையன்தான் அதைச் செய்வான்.

புரட்டினாள். "முகம், மூணு. முகம், ரெண்டு. என்ன இது? என் மூஞ்சிக்கு மார்க்கா?"

"இல்லம்மா, நான் என்ன தப்பு பண்றேன்னு—"

"நான் என்ன உங்க மில்லு நூலா மாமா, பலகையில சுத்தி வச்சுப் பாக்க? டிப்போவுல சூப்பர்வைசர் எழுதுறாரு. வண்டியில கேமரா எழுதுது. வீட்டுக்கு வந்தா இங்க நீங்க எழுதுறீங்க. ஒரு மனுஷி எங்க போய்த்தான் கோவப்படுறது?"

நோட்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"கோவம் வந்தா அது மாத்திரை. சிரிச்சா மட்டும் அது நானா? எனக்கு அன்னிக்கு நெஜமாவே கோவம் வந்திருந்தா?"

அதற்கு அந்த நோட்டில் பத்தி இல்லை.

நோட்டை என் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 5, வியாழன்

எழுத மனமில்லை.

மார்ச் 9, திங்கள்

ஐந்து நாள் யோசித்தேன். அவள் சொன்ன எல்லாம் சரி. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் வரியும் சரி. இரண்டும் சரியாக இருக்கும்போது எதை விடுவது? என் வெட்கத்தை விடலாம். விடக்கூடியது அது ஒன்றுதான்.

காலையில் அவள் சீருடைப் பொத்தான் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நோட்டை நீட்டினேன். "இது உன்னுது. நான் வச்சிருக்கக் கூடாது. கிழிச்சுப் போடணும்னா போடு. ஆனா அந்த வெளிச்சத்தை மட்டும் டாக்டர்கிட்ட ஒரு தடவை சொல்லிடும்மா." என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? கண்ணுல ஏதோ வருதுன்னு ஒரு வார்த்தை டிப்போவுக்குப் போச்சுன்னா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. எட்டு வருஷம் ஸ்கூல் வேன்ல கதவைத் தொறந்து மூடிட்டிருந்தேன் மாமா. ஓட்டுற ஆளு பின்னாடி நின்னு கியர் எப்படிப் போடுறான்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். இன்னும் ஏழு வாரம். அதுக்கப்புறம் நான் நிரந்தரம். அப்புறம் சொல்றேன்."

"ஏழு வாரத்துக்குள்ள அந்தப் புதன் மறுபடி வருதும்மா."

நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 16, திங்கள்

ஒரு தீர்மானம் செய்திருக்கிறேன். தினம் காலை ஒரே ஒரு முறை கேட்பேன். இரண்டாம் முறை கேட்க மாட்டேன், தொணதொணக்க மாட்டேன். ஒரு நாளும் விடவும் மாட்டேன்.

"சொல்லிட்டியாம்மா?"

"இல்ல."

மார்ச் 17, செவ்வாய்

கேட்டேன். இல்லை.

மார்ச் 18, புதன்

கேட்டேன். "மாமா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

இல்லை என்றேன். உண்மைதானே.

மார்ச் 23, திங்கள்

நான் வாயெடுக்கும் முன்பே, "இல்ல, போதுமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். படியிறங்கும்போது தோள் குலுங்கியது. சிரித்தாளா தெரியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

கேட்டேன். பதில் இல்லை. நாளை புதன். இன்று இரண்டாம் முறையும் கேட்டேன். என் விதியை மீறியதற்கு வருத்தமில்லை.

ஏப்ரல் 1, புதன்

பதினொன்றரைக்கே வந்துவிட்டாள். சீருடையின் முழங்காலில் மண். வந்தவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"பாலத்துக்கு இந்தப் பக்கம், மாமா. எதிர்ல போற வண்டி போர்டுல பாதி எழுத்து இல்ல. அழிச்ச மாதிரி. அப்புறம் அந்த ரம்பம், இடப்பக்கத்துலருந்து. இன்னும் ரெண்டு ஸ்டாப்தானே, தாண்டிடலாம்னு நினைச்சேன். நினைச்சேன் பாருங்க, மாமா. பின்னாடி முப்பது பேரு இருக்காங்க, நான் ரெண்டு ஸ்டாப்னு நினைக்கிறேன்."

"அப்புறம்?"

"இண்டிகேட்டர் போட்டேன். ஓரமா நிறுத்தினேன். எஞ்சினை அணைச்சேன். எறங்கி நடைபாதையில மண்டி போட்டு உக்காந்துட்டேன். ஒருத்தன் ஜன்னல்லருந்து, 'பொம்பள கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான்'னு கத்துனான். நடத்துநர் அண்ணன்தான் டிப்போவுக்குப் போன் பண்ணாரு."

கை இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஸ்டியரிங் இன்னும் அதில் இருப்பதுபோல. பிறகு, "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறேன். வேற டாக்டர். எல்லாத்தையும் சொல்லப்போறேன். டிப்போவுலயும்" என்றாள்.

நான் இன்று காலை கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் போலிருக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

மாலை நான்கு மணிக்கு என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் அந்த நோட்டு. கிழிக்கவில்லை. என் பத்திகளுக்குப் பக்கத்தில் நீல மையில் அவள் எழுத்து, பக்கம் பக்கமாக. மார்ச்சிலிருந்து அன்றன்றைக்கும், அதற்கு முன்பு நடந்ததை டூட்டி அட்டவணையைப் பார்த்து ஞாபகப்படுத்தியும் எழுதியிருக்கிறாள்.

"டாக்டர் ரூம்ல அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும். நான் அழுதுடுவேன். பழகிடும்னு சொல்லி அனுப்பிடுவாங்க. அதனால ஒரே தாள்ல எல்லாம் தெரியணும். அந்தக் கோடு போடுற வித்தை உங்களுக்குத்தான் வரும்."

பிறகு நிபந்தனை: "ஆனா 'முகம்' கிடையாது."

"'என் பிழை'யும் வேண்டாம்" என்றேன்.

"அதை வச்சுக்கலாம் மாமா, டாக்டர் சிரிக்கட்டும்." புரட்டினாள். "நவம்பர் பதினாலு. 'தும்மினேன், இரண்டு முறை.' ஐயோ! தும்மினதுக்கா நான் கோவப்படுவேன்னு நினைச்சீங்க?" என்று சிரிக்கத் தொடங்கியவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தாள். "'அலமாரி கிரீச்சிட்டது'... மாமா, பாவம் மாமா நீங்க."

கட்டமிட்ட தாளை எடுத்தேன். கிடைமட்டத்தில் நாட்கள், இடப்பக்கம் தொல்லைகள். மருந்து மாத்திரை நாட்களுக்கு வெள்ளை, சர்க்கரை நாட்களுக்குச் சாம்பல் நிறம். அவள் வாசிக்க, நான் குறிக்க வேண்டும்.

"மார்பு வலி."

நான் 'உடல் வலி' என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்தாள். "உடம்புல எங்கன்னு ஒரு எடம் இருக்குல்ல மாமா? மார்பு வலின்னே எழுதுங்க."

எழுதினேன். காது சுட்டது.

"நடுவுல கசிவு. பன்னெண்டாம் நாள், பதினாலாம் நாள். வயிறு உப்புசம். அழுகை, டிப்போ கழிப்பறையில, இருபது நிமிஷம்." நிறுத்தினாள். "அது எழுத வேண்டாம்... இல்ல, எழுதுங்க."

எழுதினேன்.

கடைசியாக ஒளி. நான் பார்த்தது ஒரு முறை. அவள் நீல மையில் இருந்தது பதினொன்று. பெரும்பாலும் சாம்பல் நாட்களின் தொடக்கத்தில். இரண்டு மட்டும் வெள்ளையில், ஒன்று வண்டியில் ஏறுவதற்குக் கால் மணி முன்பு.

பதினொன்றாவது புள்ளியை வைத்தேன். மகன் வந்து பின்னால் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவே இல்லை. "என்கிட்ட வெயில்னு சொன்னே" என்றான்.

"உனக்குச் சொல்லியிருந்தா வண்டியை எடுக்க விட்டிருப்பியா?" என்று கேட்டாள்.

அவன் அவள் தலையில் கை வைத்தான். நான் எழுந்து பேனா கழுவப் போனேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மகன் விடுப்பு போட்டான். இருவரும் உள்ளே போனார்கள். நான் தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில். ஐந்து நிமிஷம் என்றாள். இருபத்தாறு நிமிஷம் ஆனது.

வெளியே வந்து சொன்னதைக் கேட்டபடி எழுதுகிறேன். மருத்துவர் அம்மாள் தாளின் மேல்வரிசைகளை விரலால் ஓட்டிக்கொண்டே வந்து ஒளி வரிசையில் நின்றுவிட்டாராம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாராம். "இது இருக்கறப்போ இந்த மாத்திரையை நீங்க போடவே கூடாதும்மா. இன்னியோட நிறுத்துங்க. முன்னாடியே ஏன் சொல்லல?"

"முன்னாடி யாரும் கேக்கல. நானும் பயந்துட்டேன்."

ஹார்மோன் இல்லாத வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு மகனைப் பார்த்து, "எல்லாத்தையும் இவங்க உடம்புலயே ஏன் ஏத்தணும்? உங்க பங்குக்கும் ஒண்ணு இருக்கு" என்றாராம். இதை மருமகள் சொன்னபோது மகன் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான். எந்த வழி என்று முடிவு செய்தார்கள், எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

"'தாள் யாரு போட்டது'ன்னு கேட்டாங்க மாமா" என்றாள். "நான்தான்னு சொன்னேன். கோடு மட்டும் எங்க மாமான்னேன்."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 8, புதன்

டிப்போவில் மருத்துவர் கடிதத்தைக் கொடுத்தாள். எட்டு வாரம் வண்டி கிடையாது; நேரக் காப்பாளர் அறையில் உட்கார வேண்டும். தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று, "போனாப் போகட்டும்மா" என்றேன்.

"போகல மாமா. நிறுத்தி வச்சிருக்காங்க. போறது வேற, நிக்கறது வேற" என்றாள். சாப்பிட்டாள். மறுபடியும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மே 4, திங்கள்

மாத்திரையை விட்டு நான்கு வாரம். ஒளி இல்லை. ஆனால் மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள் வந்து சேர்ந்துவிட்டன, அவள் உடம்பினுடைய பழைய நாட்கள். இன்று காலை வாசற்படியில் நின்று அறிவித்தாள்: "மாமா, இன்னிக்கும் நாளைக்கும் நான் கொஞ்சம் கடிப்பேன். மார்பெல்லாம் வலிக்குது, எதைப் பாத்தாலும் எரிச்சலா வருது. முன்கூட்டியே சொல்லிட்டேன்."

"சரிம்மா. ஏதாவது செய்யணுமா?"

"வெந்நீர்ப் பை. அப்புறம், எதுக்கும் மன்னிப்புக் கேக்காதீங்க. அதுதான் ரொம்ப எரிச்சல்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

மே 17, ஞாயிறு

அக்கா. முழங்கால். பிறகு, "விசேஷம்?"

எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன்: "அக்கா, அந்தக் கேள்வியை இனிமே என்கிட்டயும் கேக்காதே, அவகிட்டயும் கேக்காதே. அது அவங்க ரெண்டு பேரு விஷயம். அவ உடம்பு விஷயம்."

"யாருடா பேசறது?" என்றாள்.

"நான்தான்."

"உடம்புக்கு ஏதும் முடியலையா உனக்கு?"

நன்றாக இருக்கிறேன் என்றேன். அந்த இரண்டு பெயர்களையும் இன்று யோசிக்காமல் இருக்க முயன்றேன். பாதி முடிந்தது.

ஜூன் 5, வெள்ளி

எட்டு வாரம் முடிந்தது. ஒளி ஒரு முறைகூட இல்லை. தலைவலி இரண்டு, சாதாரணமானவை. கண், நரம்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து மருத்துவர் அம்மாள் கையெழுத்துப் போட்டார். தாளை இம்முறை அவளே வரைந்திருந்தாள். கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே, "சாஞ்சிருக்குன்னு தெரியும், பாக்காதீங்க" என்றாள்.

ஜூன் 8, திங்கள்

காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினாள். முதல் வண்டி.

ஜூலை 30, வியாழன்

நேற்று நிரந்தர ஆணை வந்தது. மகன் அதை மூன்று முறை படித்தான்.

இன்று நூலகத்திலிருந்து திரும்பும்போது நிறுத்தத்தில் வந்து நின்றது அவள் வண்டி. தற்செயல் என்று எழுதலாம். ஆனால் நேரம் பார்த்துத்தான் நின்றிருந்தேன். நல்ல கூட்டம். அவளை ஓட்டும் கோலத்தில் இதுவரை பார்த்ததில்லை. முன்கண்ணாடியில் பாதி முகம் தெரிந்தது, கண் சாலைமேல். அதைப் பார்த்துக்கொண்டே கம்பியைப் பிடித்துப் படியிலேயே நின்றுவிட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். யாரென்று தெரிந்தது. ஒரு நொடிதான்.

"படியில நிக்கிற பெரியவரே! உள்ள போங்க. கதவு மூடாம வண்டி எடுக்க மாட்டேன். நாப்பது பேரு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

வண்டி முழுதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் பை வைத்திருந்தவர் என் காதருகே குனிந்து, "இந்தம்மாவுக்கு இன்னிக்கு என்ன கோவமோ" என்றார்.

"படியில நின்னா கோவம் வராதா?" என்றேன்.

உள்ளே போனேன். கதவு மூடியது. வண்டியை எடுத்தாள்.